வண்டியைப் பார்த்து ஆளைச் சொல்லிவிடலாமா?

கேள்வி இதுதான்: "அப்பா 30 வருடமாகப் புல்லட் மட்டும்தான் ஓட்டுகிறார். நான் பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 ஒன்று வாங்க ஆசைப்படுகிறேன். 'அது பொறுக்கிப் பசங்க வண்டி' என்று வீட்டு வாசலில் நிறுத்தவே விடமாட்டேன் என்கிறார். வண்டிக்கும் ஆளின் குணத்துக்கும் உண்மையிலேயே சம்பந்தம் இருக்கிறதா? ஒரே கம்பெனியை ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கிறார்கள்?"

திண்டுக்கல் பக்கம் 1999லிருந்து டூவீலர் பட்டறை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் ஐந்து வருடம் ஒரு அண்ணனிடம் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையனாக இருந்து தொழில் கற்றேன். நீங்கள் கேட்டதை என் பட்டறை பெஞ்சில் உட்கார்ந்து பேசாதவர்கள் குறைவு. என் அனுபவத்தில், சம்பந்தம் இருக்கிறது. ஆனால் ஊர் நினைக்கிற மாதிரி இல்லை. வண்டியின் அமைப்பு ஓட்டுகிறவரைச் சில பழக்கங்களுக்குக் கொண்டுபோய் விடுகிறது. ஊர் அந்தப் பழக்கத்தைப் பார்த்துவிட்டு, அவருடைய குணமே அதுதான் என்று பெயர் வைத்துவிடுகிறது.

உங்கள் அப்பாவின் புல்லட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பழைய புல்லட்காரர்களைப் பற்றி எல்லா ஊரிலும் ஒரு பேச்சு உண்டு: "திமிர் பிடிச்ச ஆளு, அவசரத்துக்குக் கேட்டாக்கூட வண்டி தர மாட்டான்." தர மாட்டார் என்பது நிஜம். காரணம் திமிர் கிடையாது. அந்தக் காலத்துப் புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியருக்கு மேலே தூக்க வேண்டும், மற்ற மூன்றுக்கும் கீழே மிதிக்க வேண்டும். ஸ்ப்ளெண்டர் ஓட்டிப் பழகியவருக்கு நாலு கியரும் இடது காலில், எல்லாம் முன்னால் மிதித்தால் விழும். அவரிடம் புல்லட்டைக் கொடுத்தால், குறுக்கே மாடு வந்த நொடியில் அவருடைய வலது கால் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிக்கும். பழகின கால் அப்படித்தான் போகும், அவரைக் குறை சொல்ல முடியாது.

ஸ்டார்ட் செய்வதே ஒரு தனிப் பாடம். கிக்கரை மெல்ல அழுத்தி, ஆம்மீட்டர் (மின்னோட்டம் காட்டுகிற மீட்டர்) முள் நடுவுக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் சிலிண்டருக்குள் இருக்கிற அழுத்தத்தைத் திறந்துவிடுகிற டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்துக்கொண்டு பிஸ்டனை உச்சியிலிருந்து கொஞ்சம் தாண்ட வைத்து, லீவரை விட்டு, கிக்கரை மேலே கொண்டுவந்து, அதன்பிறகுதான் முழு உதை. அவசரப்பட்டு உதைத்தால் கிக்கர் திரும்பி அடிக்கும். கணுக்கால் வீங்கி நாலு நாள் நொண்டியவர்கள் உண்டு. இதெல்லாம் தெரிந்தவர் வண்டியை எப்படி இரவல் கொடுப்பார்? பக்கத்து வீட்டுப் பையனுக்கு எதுவும் ஆகிவிடக் கூடாதே என்ற பயம் ஊரின் வாயில் திமிராகிவிட்டது.

இந்த வண்டி நம்ம ஊர் வண்டி என்ற பெருமையும் அவர்களுக்கு உண்டு, நியாயமான பெருமை. ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்தில் பிறந்த கம்பெனி. 1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா என்று தொடங்கி, திருவொற்றியூரில் 350 புல்லட் செய்ய ஆரம்பித்தார்கள். ராணுவமும் போலீசும் ஓட்டிய வண்டி. 1970 வாக்கில் அங்கே தாய்க் கம்பெனி மூடப்பட்டது. திருவொற்றியூரில் மட்டும் அதே இன்ஜின் தொடர்ந்து வந்தது. 2010 வாக்கில் புது இன்ஜின், இடது கால் கியர் என்று எல்லாம் மாறியபோது பழைய ஆட்கள் பட்டறைக்கு வந்து துக்கம் கேட்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். "சத்தமே போச்சு, இது புல்லட்டே இல்ல" என்றார் ஒருவர். பெட்ரோல் டேங்கில் பெயர் அப்படியேதான் இருந்தது. அவர் பற்று வைத்திருந்தது அந்தப் பெயர் மேலே என்றால், புது வண்டியைக் கும்பிட்டு வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை. கடைசிவரை பழையதையே, தேய்ந்த சிலிண்டரை உள்ளே கடைந்து, பிஸ்டன் மாற்றி ஓட்டினார். அவர் விசுவாசம் அவருடைய வலது காலிலும் காதிலும் இருந்தது என்பேன்.

ஹீரோ ஹோண்டாவிலும் இதையே பார்த்தேன். 1985ல் சிடி 100 வந்தபோது அவர்கள் விளம்பரம் 'நிரப்பு, மூடு, மறந்துவிடு' என்ற பொருளில் இருந்தது. 1994ல் ஸ்ப்ளெண்டர். 2010 கடைசியில் ஹீரோவும் ஹோண்டாவும் பிரிவதாக அறிவிப்பு வந்ததும், "இனி நான் எந்தப் பக்கம் போறது?" என்று என்னிடம் கேட்டவர்கள் நிறையப் பேர். பாதிக்கு மேல் ஸ்ப்ளெண்டரிலேயே இருந்துவிட்டார்கள். உள்ளே இருந்தது அவர்களுக்குத் தெரிந்த அதே 97.2 சிசி இன்ஜின், எந்தப் பெட்டிக்கடை ஊரிலும் அதற்குக் கிளட்ச் கேபிள் கிடைக்கும். ஸ்ப்ளெண்டர்காரன் கஞ்சன் என்பார்கள். மாதச் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்கவைத்துக்கொண்டு, லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது என்று கணக்குப் பார்ப்பவரைக் கஞ்சன் என்று சொல்ல எனக்கு மனசு வராது.

சரி, ஆர்எக்ஸ் 100க்கு வருகிறேன். இதுதான் உங்களுக்கு வேண்டியது.

1985 கடைசியில் வந்து 1996ல் நின்றுபோன வண்டி. 98 சிசி டூ-ஸ்ட்ரோக் (பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரிகிற இன்ஜின்), 11 குதிரைசக்தி, எடை 100 கிலோவைக் கொஞ்சம்தான் தாண்டும். எண்ணாகப் பார்த்தால் சின்னதாகத் தெரியும். ஆனால் அந்த எடைக்கு அந்த சக்தி அன்றைக்கு வேறு 100 சிசியில் கிடையாது. டூ-ஸ்ட்ரோக்கில் சக்தி படிப்படியாக ஏறாது. ஒரு இடம் வரை சாதுவாக வரும், அப்புறம் சட்டென்று இழுக்கும். சாதாரணமாக ஓட்டுகிறவரும் அந்த நொடியில் வேகமாகப் போகிற மாதிரிதான் தெருவுக்குத் தெரியும். போதாததற்கு சில பையன்கள் சைலன்சருக்குள் இருக்கிற உள்குழாயை உருவிவிடுவார்கள். சத்தம் கூடும், ஓட்டத்துக்கு நல்லது இல்லை. நான் அந்த வேலையைச் செய்து கொடுப்பதே இல்லை, கேட்டால் திருப்பி அனுப்பிவிடுவேன். செயின் பறிப்பவன் தப்பிப்பதற்கு இந்த வண்டியைத்தான் தேடுவான் என்ற பேச்சும் சேர்ந்துகொண்டது. இப்படித்தான் பொறுக்கி வண்டி ஆனது.

என் பட்டறைக்கு ஒரு பள்ளி ஆசிரியர் வருவார். 1994ல் புதிதாக எடுத்த ஆர்எக்ஸ். தினமும் 18 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கிராமத்துப் பள்ளிக்கு அதில்தான் போய்வந்தார், பணி ஓய்வு பெறும் வரை. 50க்கு மேல் முள்ளை ஏறவிட்டதில்லை. ஆயில் பம்பை அவர் மாதிரி கவனித்தவரை நான் பார்த்ததில்லை, ஏனென்றால் டூ-ஸ்ட்ரோக்கில் ஆயில் போகாவிட்டால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், நடு ரோட்டில் சக்கரம் லாக் ஆகும். அதே வண்டியை அவர் மகன் கல்லூரிக்கு எடுத்துப் போனான். ஒரே வாரத்தில் மூன்று முறை சோதனையில் நிறுத்தினார்கள். ஹெல்மெட் இருந்தது, ஆர்சி இருந்தது, இன்சூரன்ஸ் இருந்தது. கூட வந்த நண்பர்களின் வண்டிகளை விட்டுவிட்டார்கள். அந்தப் பையன் என் பட்டறையில் வந்து, "அண்ணே, அப்பா ஓட்டினா வாத்தியார் வண்டி, நான் ஓட்டினா திருட்டு வண்டியா?" என்று கேட்டான். கண் கலங்கியிருந்தது. அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஆளைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதில் எனக்குக் கோபம் வர ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

கம்பெனிகளே இந்த முத்திரைகளை விற்றதும் உண்டு. 2001ல் பஜாஜ் பல்சர் வந்தபோது விளம்பர வாசகம் 'டெஃபினிட்லி மேல்', அதாவது சந்தேகமே இல்லாமல் ஆண். நல்ல வண்டி, அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் அந்த ஒரு வாசகம் எத்தனை பேர் மனதில் உட்கார்ந்துவிட்டது என்பதை என் பட்டறையிலேயே பார்க்கிறேன். ஒரு செவிலியர் அக்கா இரவு ஷிப்டுக்குப் பல்சரில் போகிறார். தன் சம்பளத்தில் வாங்கினது, செயின் டைட் வைப்பதைக் கூட என்னிடம் கேட்டுக் கற்றுக்கொண்டு தானே செய்கிறார். சர்வீஸ் விட வரும்போதெல்லாம் பெஞ்சில் இருக்கிற யாராவது ஒருவர், "சார் வரலையாம்மா?" என்று கேட்கிறார். அவர் ஒவ்வொரு முறையும், "இது என் வண்டிங்க" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. இப்போதெல்லாம் அவர் வந்ததும் நானே முந்திக்கொண்டு, "உங்க வண்டிக்கு என்னக்கா பாக்கணும்?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்கிறேன்.

ஒரே கம்பெனி மேல் பற்று என்றால் புல்லட் கிளப், பனியனில் பெயர், ஊர்வலமாக மலையேறுவது என்றுதான் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது. நான் பார்த்ததில் ஆழமான பற்று வேறு இடத்தில் இருக்கிறது: டிவிஎஸ் எக்ஸ்எல். 1980ல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்த நாளிலிருந்து அது ஏழை வண்டி, தாத்தா வண்டி. சின்ன வயசுப் பையன் அதில் போனால் கூட்டாளிகள் கேலி செய்வார்கள். ஒரு தேங்காய் வியாபாரி ஐயா இருக்கிறார், நாலாவது எக்ஸ்எல் ஓட்டுகிறார். முன்னால் மூட்டை வைக்க இடம் இருக்கிறது, பின்சீட்டைக் கழற்றிவிட்டு இரண்டு பக்கமும் சாக்கு கட்டலாம், கியர் மாற்றுகிற வேலை இல்லை. இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல அவர் கையமர்த்திவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. வேட்டி கட்டுனவன் காலைத் தூக்காம ஏறி இறங்குற வண்டி வேற எது?" என்றார். எத்தனையோ வருடம் ஸ்பேனர் பிடித்த எனக்கு அது தோன்றியதே இல்லை. சேலை கட்டிக்கொண்டு பூ, மீன் விற்கப் போகிற அம்மாக்களுக்கும் அதே வசதி.

2015ல் எக்ஸ்எல் 100, பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டாத ஃபோர்-ஸ்ட்ரோக்காக வந்தபோது ஐயா ஒரு மாதம் யோசித்தார். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றியே பழகின கை. இழுவை இருக்குமா என்ற பயம். என் பட்டறைக்கு வந்த ஒரு புது வண்டியை, அதன் சொந்தக்காரர் சம்மதத்தோடு, மூட்டை ஏற்றி மேட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினார். இந்த மாதிரி ஆட்களுக்குக் கிளப் கிடையாது, யாரும் பேட்டி எடுப்பதும் கிடையாது.

ஆக, ஏன் ஒரே கம்பெனி என்ற கேள்விக்கு நான் கண்டது: உடம்பு பழகியது ஒன்று. அதைவிடப் பெரியது மெக்கானிக். சின்ன ஊர்களில் இவர் புல்லட் மெக்கானிக், அவர் யமஹா மெக்கானிக் என்று இன்னும் உண்டு. டேப்பெட் (வால்வைத் தள்ளுகிற பாகம்) சத்தத்தைக் காதால் கேட்டே சரி செய்கிற ஒருவர் இருக்கும்போது, அவர் தொடாத வண்டியை வாங்க ஆளுக்குத் தைரியம் வராது. எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த அண்ணன் இறந்த பிறகு, அவரிடம் வந்துகொண்டிருந்த புல்லட்காரர்கள் சிலர் ஒரே வருடத்தில் வேறு வண்டிக்கு மாறினார்கள். அவர்களைக் கம்பெனி விசுவாசிகள் என்றுதான் ஊர் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தது.

உங்கள் விஷயத்துக்கு நான் சொல்வது இது. ஆர்எக்ஸ் பார்க்கும்போது விலையை விட முக்கியம், இன்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் ஆர்சி புத்தகத்தில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்பது. ஆர்எக்ஸ் 135 வண்டியின் இன்ஜினை ஏற்றி 100 என்று விற்பவர்கள் உண்டு. 15 வருடம் தாண்டிய வண்டி, அதனால் 5 வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்தாக வேண்டும், அது நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். உள்குழாய் உருவாத சைலன்சராக இருக்கட்டும்.

அப்பாவிடம் வாதாட வேண்டாம். அவர் புல்லட்டைப் பார்க்கிற மெக்கானிக் யாரோ, அவரை முதலில் போய்ப் பாருங்கள். பக்கத்தில் டூ-ஸ்ட்ரோக் நன்றாகத் தெரிந்தவர் யார் என்று அவரையே கேளுங்கள். வாங்குவதற்கு முன் வண்டியைப் பார்க்க அந்தப் புல்லட் மெக்கானிக்கையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். இன்ஜினைப் பற்றி அந்த மனிதர் ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னால், உங்கள் அப்பா கேட்பார். 30 வருடமாகக் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறார்.