சன்னி பர்ஜெஸும் மூன்றாவது பெடலும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஈரோட்டில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு இசைக்குழு நடத்துகிறோம். ஒரு வருடமாக ராக்கபிலி (1950களின் அமெரிக்க ராக் அண்ட் ரோல் வகை) பித்து. அமெரிக்கப் பாடகர், கிட்டார்காரர் சன்னி பர்ஜெஸ் 1956ல் மெம்ஃபிஸின் சன் இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதிவுசெய்த முதல் இசைத்தட்டைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இவ்வளவு திறமை இருந்தும் அவர் எல்விஸ் போல ஆகாமல் போனது ஏன்? ஒரு சிற்றூரோடு முடிந்துபோன வாழ்க்கைதானே அது? அடுத்து, அந்தத் தட்டில் கேட்கும் எக்கோ எங்களுக்கு வரவே இல்லை. டிலே (எக்கோ வரும் தாமதம்) 350 மில்லிசெகண்ட், ஃபீட்பேக் (எக்கோ மறுபடி மறுபடி திரும்பும் அளவு) 40 சதவீதம், மேலே கொஞ்சம் ரிவெர்ப் (அறை முழக்கம்) வைத்திருக்கிறோம். எக்கோ தரும் பெடல் (காலால் அழுத்தும் ஒலிப்பெட்டி) இரண்டு மாற்றிப் பார்த்தாயிற்று. மூன்றாவதாக எதை வாங்கலாம்? இன்னொன்று. எங்கள் குழுவில் கல்யாண பேண்டிலிருந்து வந்த டிரம்பெட் அண்ணன் ஒருவர் இருக்கிறார். ராக்கபிலியில் டிரம்பெட் கிடையாது, அவரை விட்டுவிடலாம் என்கிறார்கள் நண்பர்கள். உங்கள் கருத்து?

கே., ஈரோடு

அன்புள்ள கே.,

மூன்றாவது பெடல் வேண்டாம். ‘சன் ஒலி’ என்று பெயர் ஒட்டி இன்று விற்கப்படும் சரக்கைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே எனக்கு எரிச்சல். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்திருக்கிறது. ஆகவே திட்டு கொஞ்சம் கூடுதலாகவே விழும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்விஸ் கேள்வியை முதலில் தள்ளிவிடுகிறேன். எல்விஸ் ஆகாதவர்கள் என்று கணக்கெடுத்தால் எல்விஸ் ஒருவரைத் தவிர உலகமே அதில் வரும். 1955 நவம்பரில் சன் நிறுவனத்தின் உரிமையாளர் சாம் பிலிப்ஸ் அவரைப் பெரிய இசைத்தட்டு நிறுவனமான ஆர்சிஏவுக்கு 35,000 டாலருக்கு விற்றார். மறு ஆண்டு சன் என்ற அந்தச் சின்ன நிறுவனத்தின் இசைத்தட்டு எண் வரிசையைப் பாருங்கள். 241 ஜானி கேஷ், 242 ராய் ஆர்பிசன், 243 கார்ல் பெர்கின்ஸ், 247 சன்னி பர்ஜெஸ். சின்ன நிறுவனத்துக்கு வெற்றியே ஆபத்து. தட்டு அச்சிடும் ஆலை உடனே பணம் கேட்கும். விநியோகஸ்தர் மாதக்கணக்கில் இழுத்தடிப்பார், விற்காத தட்டுகளைத் திருப்பியும் அனுப்புவார். கையில் இருக்கும் காசை எந்தத் தட்டு ஓடுகிறதோ அதற்குப் பின்னால்தான் போட முடியும். 1957ல் ஜெர்ரி லீ லூயிஸின் தட்டுகள் ஓடத் தொடங்கியபிறகு மற்றவர்களுக்கு மிஞ்சியது என்ன என்று நீங்களே ஊகிக்கலாம். 1958ல் பர்ஜெஸ் வெளியிட்ட ஒரு பழைய பாட்டையே ரிக்கி நெல்சனும் அதே ஆண்டில் பாடினார். நெல்சன் ஒவ்வொரு வாரமும் தொலைக்காட்சியில் வந்துகொண்டிருந்தவர். யாருடைய தட்டு ஓடியது என்று சொல்லத் தேவையில்லை. இதில் திறமைக்கு வேலை குறைவு.

ஆனால் ‘சிற்றூரோடு முடிந்துபோன வாழ்க்கை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை விடமாட்டேன். நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் அந்தத் தட்டைச் செய்ததே அந்தச் சிற்றூர்தான்.

அந்தச் சிற்றூரின் பெயர் நியூபோர்ட், அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தின் ஜாக்சன் கவுண்டியில் (மாவட்டத்தில்) 67ஆம் நெடுஞ்சாலையில் இருக்கும் பருத்திக்காட்டு ஊர். பக்கத்துக் கவுண்டிகள் பலவற்றில் மதுவிலக்கு, இங்கே இல்லை. ஆகவே சாலையோரம் முழுக்க ஆட்டக் கிளப்புகள். சில்வர் மூன் அவற்றில் பெரியது. அந்த ஊரை ஒட்டிய பண்ணையில் 1929ல் பிறந்த பர்ஜெஸ், ராணுவ சேவையை முடித்துத் திரும்பி 1954ல் குழுவை மறுபடி கட்டியபோது வைத்த பெயர் மூன்லைட்டர்ஸ், அந்தக் கிளப்பின் பெயரை ஒட்டி. 1955ல் எல்விஸ் சில்வர் மூனுக்கு வந்தபோது அவருக்கு முன்னால் வாசித்தது இவர்கள்தான். பிறகு மெம்ஃபிஸ் போய் சாம் பிலிப்ஸைப் பார்த்தார்கள். குழுவைப் பெரிதாக்கிக்கொண்டு வரச் சொன்னார் அவர். அப்படி உருவானதுதான் பேசர்ஸ்.

ஆட்டக் கிளப்பில் வாசிப்பதற்கும் மேடைக் கச்சேரிக்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் டிரம்பெட் அண்ணனிடம் கேட்டுப்பாருங்கள். ஆடுகிறவர்கள் எதிரில் இருக்கும்போது தாளம் ஒரு இழை தளர்ந்தாலும் உடனே தெரிந்துவிடும், ஆட்டக்களம் காலியாகும். பேசர்ஸ் மேடையிலிருந்து குதிப்பார்கள், ஒருவர்மேல் ஒருவர் ஏறி மனிதக் கோபுரம் கட்டுவார்கள், நீண்ட கிட்டார் கம்பியை இழுத்துக்கொண்டு பர்ஜெஸ் கூட்டத்துக்குள் இறங்கிவிடுவார். இரவெல்லாம் இப்படி ஆடவைத்தே பழகிய ஒரு குழு 1956 மே மாதம் அப்படியே ஸ்டுடியோவுக்குள் வந்து நின்றது. நீங்கள் கேட்பது அதைத்தான். பெடலில் அது எப்படி வரும்?

இப்போது எக்கோவுக்கு வருகிறேன். உங்கள் எண்கள் எல்லாமே தப்பு. ஏன் தப்பு என்று தெரியாமல் மாற்றினால் திரும்பவும் தப்பாகத்தான் வைப்பீர்கள், ஆகவே அடிப்படையிலிருந்து சொல்கிறேன்.

சாம் பிலிப்ஸிடம் இருந்தவை இரண்டு ஆம்பெக்ஸ் 350 டேப் இயந்திரங்கள். ஒன்றில் பாட்டு பதிவாகும். இன்னொன்றில் அதே ஒலி ஒரு ஹெட்டில் (டேப்பைத் தொடும் காந்த முனையில்) பதிவாகி, டேப் நகர்ந்து, அடுத்த ஹெட்டில் வாசிக்கப்படும். இரண்டு ஹெட்டுக்கும் நடுவே ஏறத்தாழ 2 அங்குலம். டேப் விநாடிக்கு 15 அங்குலம் ஓடினால் தாமதம் சுமார் 133 மில்லிசெகண்ட். அந்தத் தாமதித்த ஒலியைத் திரும்ப மிக்ஸருக்குக் கொண்டுவந்து கலப்பது, அவ்வளவுதான் ஸ்லாப்பேக். திரும்பி வருவது ஒரே முறை. அந்த ஒரு முறையிலும் டேப் உச்ச ஒலியைக் கொஞ்சம் தேய்த்துவிடும், ஆகவே எக்கோ எப்போதும் குரலைவிட மங்கலாகவே இருக்கும்.

நீங்கள் வைத்திருக்கும் 350 மில்லிசெகண்ட், வேகமான பாட்டில் கிட்டத்தட்ட ஒரு முழுத் தாள அடி தள்ளி வந்து விழுகிறது. ஃபீட்பேக் 40 சதவீதம் என்றால் அது மூன்று நான்கு முறை திரும்பும். அதற்கு மேல் ரிவெர்ப் வேறு. சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கஞ்சியாகிவிடும். ரிவெர்பை அணையுங்கள். ஃபீட்பேக்கைப் பூஜ்யத்தில் வையுங்கள். தாமதத்தைப் பாட்டின் வேகத்திலிருந்து கணக்கிடுங்கள். நிமிடத்துக்கு 160 தாள அடி என்றால் ஒரு அடி 375 மில்லிசெகண்ட். ஷஃபிள் தாளத்தில் அந்த அடி மூன்றாகப் பிரியும், ஒரு பங்கு 125. அங்கே வையுங்கள். 150 அடிக்கு 133. 180 அடிக்கு 111. இந்த எல்லைக்குள் இருக்கும்வரை எக்கோ தாளத்தோடு சேர்ந்து தள்ளும். தாண்டினால் தாளத்தை எதிர்த்து இழுக்கும். எக்கோவில் மட்டும் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 4,000க்கு மேலேயும் வெட்டிவிடுங்கள். தனிச் சொல்லாகக் காதில் விழுந்தால் அளவு அதிகம். குரல் தடித்ததுபோல் கேட்டால் சரி.

இதையெல்லாம் செய்தபிறகும் அந்த ஒலி வராது. ஏன் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. இதைத்தான் எந்தப் பெடல் விற்பவரும் சொல்வதில்லை.

சன் ஸ்டுடியோ ஒரே அறை. கூரையில் வளைந்து மடிந்த ஒலித்தடுப்பு ஓடுகள், தரையும் ஓடு. எல்லோரும் ஒரே நேரத்தில் வாசிப்பார்கள், ஒற்றைத் தடத்தில் பதிவாகும். ஒருவர் தவறினால் எல்லோரும் முதலிலிருந்து. பாடுகிறவரின் மைக்கில் பாட்டு மட்டுமா விழும்? பின்னால் அடிக்கும் ஸ்னேர் ட்ரம், பக்கத்து ஆம்ப்பின் (ஒலிபெருக்கியின்) கிட்டார், பியானோவின் மேல் ஸ்வரங்கள் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கசியும். அந்தக் கசிவும் சேர்ந்துதான் எக்கோ இயந்திரத்துக்குள் போய் 133 மில்லிசெகண்ட் கழித்துத் திரும்புகிறது. ஆகவே எக்கோ என்பது பாடகர்மேல் பூசிய பூச்சு அல்ல, அறை முழுவதற்கும் வரும் இரண்டாவது அடி. நீங்களோ பாடகரைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடைத்து, ட்ரம்ஸை வேறொரு நாள் பதிந்து, சுத்தமான குரல்மேல் எக்கோ போடுகிறீர்கள். குரல் மட்டும் தனியாகக் குகைக்குள் நிற்பதுபோலத்தான் கேட்கும். எல்விஸை வாங்கிய ஆர்சிஏ பொறியாளர்களே 1956 ஜனவரியில் நாஷ்வில் ஸ்டுடியோவில் இதே எக்கோவைப் பிடிக்க முயன்று, கடைசியில் கூடத்து நடைபாதையை எதிரொலி அறையாகப் பயன்படுத்தினார்கள். கிடைத்தது நல்ல ஒலிதான், ஆனால் சன் ஒலி அல்ல.

ஆகவே ஐந்து பேரும் ஒரே அறையில் நில்லுங்கள். பாடகர் மைக் நடுவில். ட்ரம்ஸ் அதிலிருந்து 8 முதல் 10 அடி தள்ளி. கிட்டார் ஆம்ப்பை ஒரு நாற்காலிமேல் ஏற்றி, மைக்குக்குப் பக்கவாட்டில் திருப்பி வையுங்கள். ஒலி அளவைச் சரிசெய்ய வேண்டுமா, மிக்ஸரைத் தொடாதீர்கள், ஆளை நகர்த்துங்கள். ட்ரம்ஸ் அதிகமானால் இரண்டடி பின்னால் போகட்டும். இது ஒரு மாலை முழுவதையும் தின்னும். தின்னட்டும்.

அடுத்த குற்றவாளி பாஸ். கடிதத்தில் சொல்லவில்லை, ஆனால் நீங்கள் மின் பாஸ் கிட்டார்தான் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ராக்கபிலியின் முதுகெலும்பு, நிறுத்திவைத்து வாசிக்கும் ஆளுயர டபுள் பாஸின் ஸ்லாப். ஒன்றாம் மூன்றாம் அடியில் தந்தியை இழுத்து விட்டு ஸ்வரம், இரண்டாம் நான்காம் அடியில் உள்ளங்கையால் விரல்பலகைமேல் ஒரு அறை. ட்ரம்ஸ் இல்லாத ஆரம்பகாலப் பதிவுகளில் ட்ரம்ஸ் வேலையைச் செய்தது அந்த அறைதான். புதியவர்கள் தந்தியைப் பலகையிலிருந்து நேராக வெளியே இழுப்பார்கள். அடி தாமதமாகும், கை பத்து நிமிடத்தில் செத்துவிடும். விரலைக் கொக்கிபோல் வைத்துப் பக்கவாட்டில் இழுக்க வேண்டும், பலகையின் கீழ்முனைக்கு அருகில். எஃகுத் தந்தி இதற்கு ஆகாது. இறுக்கம் அதிகம், ஸ்வரம் நீண்டு ஒலித்து உள்ளங்கை அடியை மூடிவிடும். குடல்நரம்புத் தந்தியோ அதைப் போலச் செய்யும் நைலான் தந்தியோ போடுங்கள், ஸ்வரம் சட்டென்று சாகும். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் துணிப் பிளாஸ்திரி சுற்றாமல் ஆரம்பித்தால் முதல் வாரமே கொப்புளம். பாஸை மட்டும் எக்கோவுக்கு அனுப்பாதீர்கள். ஒவ்வொரு உள்ளங்கை அடியும் இரண்டாகி, தாளமே தடுமாறும்.

கிட்டாரைப் பற்றிச் சுருக்கமாக. பர்ஜெஸ் கையில் ஃபெண்டர் டெலிகாஸ்டர். உங்களிடம் எது இருந்தாலும் போதும், ஆனால் 9 எண் மெல்லிய தந்தியைக் கழற்றி எறியுங்கள். வலுவாக அடித்தால் சுருதி மேலே ஏறிவிடும், பாட்டு முழுக்கக் கிட்டார் பொய் பேசும். கொஞ்சம் தடித்த, 11ல் தொடங்கும் செட் போடுங்கள். சின்ன வால்வு ஆம்ப், ஒலியைப் பாதிக்கு மேல் திருகினால் தானே கரகரக்கும். டிஸ்டார்ஷன் பெடல் எதுவும் வேண்டாம்.

மீதி வாழ்க்கையையும் கேட்டிருந்தீர்கள் என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. பேசர்ஸில் இருந்த ஜேக் நான்ஸும் ஜோ லூயிஸும் பாடகர் கான்வே ட்விட்டியோடு போய்விட்டார்கள். ட்விட்டி 1958ல் முதலிடம் பிடித்த பாட்டில் நான்ஸுக்கும் பங்கு உண்டு. பர்ஜெஸ் பிலிப்ஸுக்காகச் செய்த கடைசித் தட்டு 1959ல் அவருடைய இன்னொரு முத்திரையில் வந்தது. பிறகு நெடுங்காலம் ஊர் ஊராகச் சுற்றும் விற்பனைப் பிரதிநிதி வேலை. 1980களில் சன் ரிதம் செக்‌ஷன் என்ற குழுவில் பழைய தோழர்களோடு மறுபடி மேடை, பிறகு ஐரோப்பா, 1990களில் புதிய ஆல்பங்கள், பழைய பேசர்ஸோடு எண்பது வயதுக்கு மேலும் கச்சேரிகள். 2009ல் ஆர்கன்சா சட்டமன்றம் அந்த 67ஆம் சாலைக்கு ராக் அண்ட் ரோல் நெடுஞ்சாலை என்று பெயர் வைத்தது. 2017 ஆகஸ்டில் இறந்தார். எதிரே நாலு பேர் ஆட, அறுபது வருடம் கழித்தும் வாசிக்க முடிந்த ஒருவரைப் பார்த்து முடிந்துபோன வாழ்க்கை என்று சொல்ல உங்களுக்கு வயது போதாது.

இனி டிரம்பெட். உங்கள் நண்பர்கள் அந்தத் தட்டை எந்தக் காதால் கேட்டார்கள்? அதில் நடுவே வெடித்துக் கிளம்புவது ஜேக் நான்ஸின் டிரம்பெட். நீங்கள் முன்மாதிரியாக வைத்திருக்கும் தட்டிலேயே இருக்கும் வாத்தியத்தை ‘ராக்கபிலியில் கிடையாது’ என்று ஒதுக்கப் பார்க்கிறீர்கள். கல்யாண ஊர்வலத்தில் மணிக்கணக்கில் நடந்துகொண்டே ஊதிய உதடும் மூச்சும் உங்கள் ஐந்து பேரில் வேறு யாருக்கு இருக்கிறது? அவரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேளுங்கள்.

அவருக்கு வேலை இதுதான். பாடும் வரிக்குள் வரக்கூடாது. வரி முடிந்த இடைவெளியில் இரண்டு மூன்று ஸ்வரம், ஐந்தாம் ஸ்வரத்திலிருந்து ஆதாரத்துக்கு இறங்கி, கடைசி ஸ்வரத்தைச் சட்டென்று வெட்ட வேண்டும். கிட்டார் சோலோவுக்குப் பின்னால் நீண்ட ஸ்வரம் பிடித்தால் போதும். டிரம்பெட் பி ஃபிளாட் வாத்தியம், நீங்கள் கிட்டாருக்காக ஈயிலும் ஏயிலும் பாடினால் அவருக்கு எஃப் ஷார்ப், பி என்று ஷார்ப் நிறைந்த ஸ்கேல் விழும், விரல் திணறும். பாடகர் குரல் தாங்கினால் எஃப் அல்லது பி ஃபிளாட்டுக்கு மாற்றுங்கள், கிட்டார்காரர் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டுக்கொள்ளட்டும். மைக்கிலிருந்து ஆறடி தள்ளி, பக்கவாட்டில் ஊதச் சொல்லுங்கள். நேராக ஊதினால் குரல் மைக் முழுவதையும் அவரே எடுத்துக்கொள்வார், எக்கோவிலும் அவர்தான் திரும்பி வருவார்.