அம்மா ஒளித்து வைத்த அதிரசம்

(சர்க்கரை நோய்ப் பிரிவில் 22 ஆண்டுகள் பணியாற்றிய நர்ஸ், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

வணக்கம் சிஸ்டர். அம்மாவுக்கு 61 வயது, சுகர் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. மாத்திரை போட்டாயா என்றால் போட்டேன் என்பார், அட்டையை எடுத்துப் பார்த்தால் அப்படியே இருக்கும். போன வாரம் அரிசி டிரம்முக்குள் துணியில் சுற்றி அதிரசம் வைத்திருந்ததைப் பார்த்து நான் கத்திவிட்டேன், நாளைக்கு உன் காலையே வெட்டி எடுக்கும்படி ஆனால் யார் பார்ப்பது என்றுகூடக் கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து சரியாகப் பேசுவதில்லை. மூன்று மாத சுகர் சராசரி (HbA1c) 9.8. அவரைக் கவனமாக இருக்க வைப்பது எப்படி?
– வாசகி, கும்பகோணம்

முதலில் அம்மாவிடம் போய் ஒரு ஸாரி சொல்லிவிடுங்கள். பயத்தில்தான் கத்தினீர்கள், அது அம்மாவுக்கும் தெரியும், ஆனாலும் சொல்லுங்கள். திட்டு விழும் என்று தெரிந்த வீட்டில்தான் அதிரசம் அரிசி டிரம்முக்குப் போகிறது. ஒளித்துச் சாப்பிடுகிறவர் ருசித்துச் சாப்பிடுவதில்லை, யாராவது வருவதற்குள் இரண்டு மூன்றை அவசரமாக விழுங்கிவிடுவார். அதையே உங்கள் எதிரில், மதியம் சோற்றைக் குறைத்துக்கொண்டு என்றைக்காவது பாதி அதிரசம் சாப்பிட்டால் உடம்புக்கும் பரவாயில்லை, மனசுக்கும் நிம்மதி.

மாத்திரையைப் பற்றி "போட்டாயா?" என்று கேட்காதீர்கள், அதற்கு ஒரே பதில்தான் வரும். "வாரத்தில் எத்தனை நாள் விட்டுப்போகுதும்மா?" என்று கேளுங்கள், விட்டுப்போவது சகஜம் என்ற குரலில். நான் அப்படிக் கேட்ட பிறகுதான் எத்தனையோ பேர் உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். பெரும்பாலும் காரணம் அலட்சியம் கிடையாது. மெட்பார்மின் என்கிற சுகர் மாத்திரை சிலருக்கு வயிற்றைப் பிரட்டும், சாப்பாட்டோடு போட்டால் குறையும், அப்படியும் தொந்தரவு இருந்தால் மெதுவாகக் கரைகிற வகை இருக்கிறது, டாக்டரிடம் கேட்கலாம். வேறு சில மாத்திரைகளைப் போட்டுவிட்டு நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் கை நடுங்கும், குப்பென்று வியர்க்கும். நம் வீட்டு அம்மாக்கள் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார்கள்? எல்லோருக்கும் பரிமாறி, பாத்திரம் கழுவி, மூன்று மணிக்கு மிச்சச் சோற்றை வீணாக்கக் கூடாதென்று ரசம் ஊற்றிப் பிசைந்து சாப்பிடுகிறவருக்கு ஒருநாள் அப்படி நடுக்கம் வந்திருந்தால், மாத்திரையைத் தொடவே பயப்படுவார். கேட்டுப் பாருங்கள். அவர் தட்டை எல்லோர் தட்டோடும் சேர்த்து வையுங்கள். மாத்திரை வாங்கப் போவதுதான் சிரமம் என்றால், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

அப்புறம், சுகர் மிஷினை அம்மா கையில் கொடுங்கள். டாக்டர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் பார்ப்பார், வருடத்துக்கு நாற்பது நிமிடம், மீதி நேரமெல்லாம் அம்மாவுடையது. ஒருநாள் நான்கு இட்லி சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கட்டும், இன்னொரு நாள் இரண்டு இட்லியும் காய் நிறையப் போட்ட சாம்பாருமாகச் சாப்பிட்டுப் பார்க்கட்டும். இரண்டு எண்ணையும் அவர் கையாலேயே நோட்டில் எழுதினால் நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை. எண் கூடியிருந்தால் முகத்தைச் சுளிக்காதீர்கள், அவ்வளவுதான் உங்கள் வேலை. மாத்திரையின் அளவை மட்டும் நீங்களாக மாற்ற வேண்டாம்.

9.8 என்பதைப் பார்த்து மலைத்துப்போக வேண்டாம். பிரிட்டனில் 1977 முதல் 20 ஆண்டுகள், 5,102 சர்க்கரை நோயாளிகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அதில் இந்த மூன்று மாத சராசரி ஒரே ஒரு புள்ளி குறைவாக இருந்தவர்களிடம் கண், சிறுநீரகம் போன்ற இடங்களில் உள்ள சிறு ரத்தக் குழாய்களின் பாதிப்பு 37 சதவீதம் குறைவாக இருந்தது. அம்மா 7க்கு உடனே வர வேண்டும் என்பதில்லை, 9.8 என்பது 8.8 ஆனாலே கண்ணுக்கு லாபம். வருடத்துக்கு ஒருமுறை கண்ணையும் காட்டிவிடுங்கள், பார்வை நன்றாக இருந்தாலும்.

கால் விஷயம். எங்கள் வார்டுக்கு ஓர் அம்மா வந்தார், காலில் புண் என்று. செருப்பைக் கழற்றச் சொல்லிக் கையில் எடுத்துத் தட்டினால் உள்ளேயிருந்து ஒரு புளியங்கொட்டை விழுந்தது. காலையிலிருந்து அதை மிதித்துக்கொண்டுதான் நடந்திருக்கிறார், கால் மரத்துப்போனதால் வலியே தெரியவில்லை. அதனால்தான் கோயில் பிராகாரத்தில் உச்சிவெயிலில் வெறுங்காலோடு சுற்ற வேண்டாம் என்கிறோம், கொப்புளம் வந்ததே தெரியாது, படுக்கை விரிப்பில் கறை பட்ட பிறகுதான் பார்ப்பார்கள். சாமியைக் காலையில் வெயில் ஏறுமுன் கும்பிடட்டும். செருப்பைப் போடுமுன் தட்டிப் போடட்டும். எம்.சி.ஆர். என்கிற மிருதுவான ரப்பர் செருப்பு நல்லது. கால் ஆணியை பிளேடால் சீவவே கூடாது.

இரவு படுக்குமுன் அம்மாவை உட்கார வைத்து, பாதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, நீங்களே கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிவிடுங்கள், விரல் இடுக்கில் மட்டும் வேண்டாம், ஈரம் தங்கும். அந்த ஐந்து நிமிடத்தில் நின்றுபோன பேச்சும் திரும்ப வரும்.

சிஸ்டர், நான் லாரி டிரைவர். ஆறு மாதமாக இன்சுலின் போடுகிறேன். மற்றவர்கள் முன்னால் ஊசி போட வெட்கமாக இருப்பதால் சில வேளை விட்டுவிடுகிறேன். வண்டியில் மருந்தை எப்படி வைப்பது?
– வாசகர், நாமக்கல்

தம்பி, வெட்கப்பட ஒன்றுமே இல்லை. 1922 ஜனவரியில் கனடாவின் டொரன்டோவில் ஒரு பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள், அதுவரை அவன் வயதில் இந்த நோய் வந்தவர்கள் பிழைத்ததில்லை. அந்த மருந்துதான் உங்கள் பையில் இருக்கிறது. மருந்தை வெயில் படும் டேஷ்போர்டில் வைக்காதீர்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டு, குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய அகல வாய் பிளாஸ்கில் வையுங்கள், ஐஸ் நேராகப் படக்கூடாது, உறைந்த மருந்து வீண். திறந்த மருந்தைப் பொதுவாக 28 நாள் வரை வைத்துக்கொள்ளலாம், அட்டையில் போட்டிருப்பதைப் பாருங்கள். ஒரே இடத்தில் குத்தாமல் இடம் மாற்றிக் குத்துங்கள், கட்டி விழுந்த இடத்தில் மருந்து சரியாக ஏறாது.

இதைவிட முக்கியம் தாழ்சுகர், அதாவது ரத்தத்தில் சுகர் அளவுக்கு மீறி இறங்கிவிடுவது. வண்டி எடுக்குமுன்னும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் சுகரைப் பாருங்கள். நடுக்கம், வியர்வை, தலைச்சுற்றல் வந்தால் உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் திரும்பவும் அதே அளவு. ஏறியதும் பிஸ்கெட்டோ வாழைப்பழமோ சாப்பிட்டு முக்கால் மணி நேரமாவது கழித்துத்தான் ஸ்டியரிங்கைத் தொட வேண்டும், லோடு லேட்டானால் ஆகட்டும். கிளீனரிடம் எல்லாவற்றையும் சொல்லி வையுங்கள். நீங்கள் மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து 108க்குக் கூப்பிட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வெள்ளைச் சர்க்கரையை விட்டு உடன்குடி கருப்பட்டிக்கு மாறிவிட்டேன். இனி காபி தாராளமாகக் குடிக்கலாம்தானே?
– வாசகர், திருநெல்வேலி

இல்லை ஐயா. கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் மூன்றுமே ரத்தத்தில் சுகரை ஏற்றத்தான் செய்யும். நல்லதென்று நம்பி இரண்டு டம்ளர் கூடுதலாகக் குடிப்பதில்தான் வினை. வழக்கமாகப் போடுவதில் பாதி போட்டுத் தொடங்கி, வாரத்துக்கு வாரம் குறைத்துக்கொண்டே வாருங்கள், நாக்கு பழகிவிடும். பழகாவிட்டால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.