கைப்பையில் பற்பசை, ஷாம்பூ, உணவு: விமானத்தில் எதை அனுமதிப்பார்கள்?

பாதி தீர்ந்த 150 மில்லி பற்பசையைக் கைப்பையில் எடுத்துச் செல்லலாமா, உணவுக்கும் இதே விதிதானா என்று கேட்டிருக்கிறீர்கள். பற்பசைக்கு அனுமதி கிடைக்காது. சோதனையில் பார்ப்பது உள்ளே மிச்சமிருக்கும் அளவை அல்ல, குழாயின் மேல் அச்சிட்டிருக்கும் கொள்ளளவை. பற்பசையும் திரவக் கணக்குதான்; பெரும்பாலான சர்வதேசப் பயணங்களில் திரவம் உள்ள ஒவ்வொரு கொள்கலனும் 100 மில்லிக்குள் இருக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் ஒளிபுகும் பையில் அடங்க வேண்டும். 2006 ஆகஸ்டில் லண்டனிலிருந்து புறப்படும் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கும் சதி அம்பலமானதன் விளைவு இது. புதிய ஸ்கேனர் வந்த சில விமான நிலையங்களில் இந்த விதியைத் தளர்த்தியிருக்கிறார்கள். ஆனால் திரும்பி வரும் ஊரிலும் அதே சலுகை இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

உணவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ரொட்டி, பிஸ்கட், கொட்டைகள் தாராளமாகப் போகும். ஜாம், தேன், தயிர், வேர்க்கடலை வெண்ணெய் எல்லாம் திரவக் கணக்கு. வழியக்கூடியது, பூசக்கூடியது என்றால் திரவம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கான பாலுக்கும் மருந்துக்கும் விலக்கு உண்டு. தனியே எடுத்துக் காட்டுங்கள். பழம், இறைச்சி போன்றவை பாதுகாப்புச் சோதனையைத் தாண்டினாலும், இறங்கும் நாட்டின் சுங்கத்தில் சிக்கலாம். அபராதம் கடுமையாகவே இருக்கும்.

ஷாம்பூ குப்பியை விளிம்புவரை நிரப்பாதீர்கள். பறக்கும்போது கேபின் அழுத்தம் ஏறத்தாழ 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதுபோல் குறைகிறது. குப்பிக்குள் இருக்கும் காற்று விரிந்து ஷாம்பூவை வெளியே தள்ளும். லேசாக அழுத்திக் காற்றை வெளியேற்றிவிட்டு மூடுங்கள். கட்டிச் சோப்பும் கட்டி ஷாம்பூவும் இந்த வம்பில் வராதவை. என் ஓட்டு அவற்றுக்கே.