எட்டு வயதுப் பிள்ளைக்குப் பளுப் பயிற்சி கொடுக்கலாமா? உயரம் நின்றுவிடாதா?

உங்கள் மகன் ஜிம்முக்குப் போக ஆசைப்படுகிறான், வீட்டுப் பெரியவர்கள் யாரோ ‘பளு தூக்கினால் பிள்ளை குள்ளமாகிவிடுவான்’ என்று தடுக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். காரைக்குடியில் எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான் நடந்தது. கொடுக்கலாம், உயரமும் நிற்காது என்பது என் பதில். ஆனால் என் மகன் கையில் மாவுக்கட்டு ஏறிய பிறகுதான் இதை நான் ஒழுங்காகத் தெரிந்துகொண்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், அவனுக்குப் பத்து வயதானபோது, வீட்டுக்கு அருகில் இருந்த ஒரு ஜிம்மில் சேர்த்தேன். அப்போது அவன் எடை 31 கிலோ. அங்கிருந்த நீளக் கம்பியோ தட்டு எதுவும் மாட்டாமலே 20 கிலோ. இரண்டு மாதத்தில் அதைப் படுத்தபடி தூக்கப் பழகியவனுக்கு ஒரு நாள் மாலை பக்கத்துக்கு இரண்டரைக் கிலோவாகத் தட்டு மாட்டினார்கள். உறவினர்களுக்கு அனுப்புவதற்காக நான் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். ஏழாவது முறை கம்பி பாதியில் நடுங்கி நின்றது. ‘போதும் அப்பச்சி’ என்றான். ‘இன்னும் ஒண்ணே ஒண்ணு’ என்று சொன்னது பயிற்சியாளர் அல்லர், நான்தான். அடுத்த முறை இடது மணிக்கட்டு பின்பக்கமாக மடிந்தது. அந்தக் காணொளி இன்னும் என்னிடம் இருக்கிறது.

எக்ஸ்ரேயில் எலும்பின் நுனிக்கு அருகே மெல்லிய கோடு போலத் தெரிந்த இடத்தை மருத்துவர் காட்டினார். அதற்கு வளர்ச்சித் தட்டு என்று பெயராம்; எலும்பு நீள்வது அங்கேதான், அவனுக்கு அடிபட்டிருந்ததும் அங்கேதான். பிள்ளைகளுக்கு அது குருத்தெலும்பாகவே இருக்கும், வளரும் பருவம் முடியும்போதுதான் எலும்பாக மூடிக்கொள்ளும். நல்லவேளையாக எதுவும் விலகாததால் நான்கு வாரக் கட்டோடு தீர்ந்தது. ‘இதற்குத்தானே அப்போதே வேண்டாம் என்றோம்’ என்று வீடே திரண்டு நின்றபோது, சைக்கிளிலிருந்து விழுந்தும் பந்து விளையாடியும் இதே காயத்தோடு பிள்ளைகள் வருகிறார்கள், முறையாகக் கண்காணித்துச் செய்யும் பயிற்சி வளர்த்தியைக் குறைப்பதாகச் சான்று இல்லை, அளவுக்கு மீறிய எடைதான் இங்கே தவறு என்று அவரே விளக்கினார். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2020இல் வெளியிட்ட அறிக்கையின் சாரமும் ஏறக்குறைய அதுதான். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் வேலை செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் அதே ஆண்டு சொல்லியிருக்கிறது.

நான் மருத்துவன் அல்லன், இரும்புக்கடை வைத்திருப்பவன். ஆகவே இதையே மருத்துவ ஆலோசனையாகக் கொள்ள வேண்டாம். பருவமடையும் முன் பிள்ளைகளுக்குப் புஜம் புடைக்காது, அதற்கான சுரப்பு உடம்பில் இன்னும் போதுமான அளவு இல்லை. இருக்கிற தசையை ஒழுங்காக வேலை வாங்க நரம்புகள் பழகுவதால்தான் வலு கூடுகிறது. எனவே முதலில் எடையே இல்லாமல் முறை படிய வேண்டும். பிறகு எட்டு முதல் பதினைந்து தடவை வரை சிரமமின்றித் தூக்கக்கூடிய எடை, இடையில் ஓய்வு விட்டு வாரத்தில் இரண்டு மூன்று நாள், அவ்வளவு போதும். சொன்னதைக் கேட்டு அப்படியே செய்யும் பக்குவம் பெரும்பாலும் ஏழெட்டு வயதில் வந்துவிடும். பிள்ளையார்பட்டியில் உங்கள் மகன் தோப்புக்கரணம் போடுவானே, அதுவும் தன் உடம்பையே பளுவாக வைத்துச் செய்யும் பயிற்சிதான். அதற்கு எந்தப் பாட்டியும் குள்ளமாகிவிடுவாய் என்று பயமுறுத்தியதில்லை.

யோசித்துப் பார்த்தால் என் அப்பத்தா இதையெல்லாம் தெரிந்துதான் வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டின் இரண்டாம் கட்டுக்குப் பின்னால் இருந்த கிணற்றில் எனக்கு ஏழு வயதில் சின்ன வாளியைக் கொடுத்து, அதிலும் அரை வாளிதான் இறைக்க விடுவார்கள். கப்பிச் சத்தம் ஒரே சீராக வந்தால் சில நாளில் முக்கால் வாளி. விட்டு விட்டுக் கிறீச்சிட்டால், அடுப்படியில் இருந்தபடியே ‘கயித்தை வச்சுக்கிட்டு நில்லு, வர்றேன்’ என்று குரல் வரும். நான் எத்தனை வாளி இறைத்தேன் என்று அவர்கள் யாரிடமும் பெருமை பேசியதில்லை.

ஒரு ஜிம்மில் நடந்ததை வைத்து எல்லா ஜிம்மையும் பழிக்காதே என்று எழுத வருபவர்கள் மறுபடி படித்துப் பார்க்கவும். நான் பழித்தது என்னை. வேண்டுமானால் பள்ளியைக் கொஞ்சம் சொல்வேன். அட்டவணையில் வாரம் இரண்டு உடற்கல்வி வகுப்பு இருந்தும், தேர்வு நெருங்குகிறது என்று அதையும் கணக்குப் பாடத்துக்கே எடுத்துக்கொண்டார்கள். அது ஒழுங்காக நடந்திருந்தால் நான் மாதக் கட்டணம் கட்டி அலைந்திருக்க மாட்டேன்.

நீங்கள் ஜிம்மில் சேர்ப்பதானால், முன்னதாக இரண்டு நாள் போய் உட்கார்ந்து, களைத்த பிள்ளையை அங்கே நிறுத்துகிறார்களா, உசுப்பேற்றுகிறார்களா என்று பாருங்கள். என் மகன் இப்போது முகப்பில் பாய் விரித்துத் தண்டாலும் பஸ்கியும் எடுத்துவிட்டு, மூன்று கிலோ டம்பெல்லும் தூக்குகிறான். எண்ணுவதும் நிறுத்துவதும் அவன் பொறுப்பு. நான் கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டு வந்துதான் பக்கத்தில் உட்காருகிறேன்.