காலேஜுக்கு வந்த பிறகு பின்னமும் சமன்பாடும் முதலிலிருந்து படிக்க முடியுமா?

கேள்வி இது: "பி.காம் முதலாண்டு. எட்டாவது படிக்கும்போது கொரோனா. பிளஸ் ஒன்னில் கணக்கே இல்லாத குரூப். இப்போது பிசினஸ் மேத்ஸ் பேப்பர் இருக்கிறது. பின்னம் வந்தாலே பேனா நிற்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?"

முடியும். இதில் வெட்கப்படவும் ஒன்றுமில்லை. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், தமிழ்நாட்டில் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. உங்கள் செட்டுக்கு எட்டாம் வகுப்பு முழுக்கச் செல்போனிலேயே முடிந்துவிட்டது. ஒரு மாறியில் அமைந்த சமன்பாடு பாடமாக வருவது சரியாக அந்த வகுப்பில்.

நான் பி.காம் பிள்ளைகளுக்கு வணிகக் கணிதம் எடுக்கிறேன். "சார், எனக்கு அல்ஜீப்ரா வராது" என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு உண்மையில் வராதது பின்னமும் மைனஸும்தான். எக்ஸ் பாவம், பழி மட்டும் அதன் மேல் விழுகிறது.

ஒரு கணக்கைப் பாருங்கள். எக்ஸ்/3 + 1/2 = 5/6. அரையை அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிகிறது. அதற்குப் பிறகு 5/6 − 1/2 என்று வரும். மேலே 5−1, கீழே 6−2, ஆக 4/4, அதாவது 1 என்று எழுதுவார்கள். எக்ஸ் 3 என்று விடையும் வந்துவிடும், அதுவும் அழகான முழு எண்ணாக. ஆனால் 3ஐ வைத்துப் பாருங்கள்: 3/3 + 1/2 என்பது ஒன்றரை. 5/6 ஒன்றைக் கூடத் தொடவில்லையே! கீழே நிற்கும் எண்ணை, அதாவது பகுதியை, இரண்டிலும் 6 ஆக்கினால் 5/6 − 3/6 = 2/6, அதாவது 1/3. எக்ஸ் 1. இந்தக் கணக்கில் அல்ஜீப்ரா என்று இருந்தது ஒரே ஒரு அடி, அதை அவர்கள் சரியாகவே போட்டார்கள். சறுக்கியது ஆறாம் வகுப்புப் பின்னக் கழித்தல்.

இரண்டாவது தொல்லை, "அந்தப் பக்கம் போனால் மாறிடும்" என்று மனப்பாடம் செய்த விதி. என்னவாக மாறும் என்பது மறந்து போயிருக்கும். அதனால் 3 எக்ஸ் = 12 என்றால் எக்ஸ் = 12 − 3 = 9 என்று எழுதுகிறவர்கள் உண்டு. இந்த விதியை ஒரு மாதத்துக்கு மூட்டை கட்டி வைத்துவிடுங்கள். எதுவும் எங்கேயும் போவதில்லை. இரண்டு பக்கமும் ஒரே வேலையைச் செய்கிறோம், அவ்வளவுதான். 3 எக்ஸ் என்பது மூன்றால் பெருக்கியது, எனவே இரண்டு பக்கத்தையும் மூன்றால் வகுக்கிறோம், எக்ஸ் 4. "இரண்டு பக்கமும் 3ஆல் வகுக்க" என்று ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் எழுதுங்கள். சலிப்பாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

அடைப்புக்குறிக்கு முன்னால் நிற்கும் மைனஸ் தனி ரகம். 5 − 2(எக்ஸ் − 3) என்பதை விரித்தால் 5 − 2 எக்ஸ் + 6, அதாவது 11 − 2 எக்ஸ். பாதிப் பேர் கடைசி 6க்கு மைனஸ் போட்டு −1 − 2 எக்ஸ் என்று முடிப்பார்கள். சரியா தப்பா என்று யாரையும் கேட்க வேண்டாம், எக்ஸுக்கு 4 என்று வைத்துப் பாருங்கள். முதல் கோவை 5 − 2 = 3. 11 − 8 அதே 3. −1 − 8 என்றால் −9, எனவே அது தப்பு. விடை தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லாமலே படிக்க இந்தப் பழக்கம் ஒன்று போதும். நான் சொல்லிக் கொடுப்பதில் இதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

புத்தகம் என்று தனியாக வாங்க வேண்டாம். சமச்சீர் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகங்கள் இலவச பிடிஎஃப்பாகக் கிடைக்கின்றன, பின்னால் விடையும் இருக்கிறது. ஆறாவதில் பின்னம், ஏழாவதில் முழுக்கள் (மைனஸ் எண்களும் சேர்ந்த முழு எண்கள்), எட்டாவதில் சமன்பாடு. வடிவியலை இப்போதைக்கு விடுங்கள். வாய்ப்பாடு பத்து வரை தடுமாறாமல் வந்தால் போதும், பதினாறாம் வாய்ப்பாடு தெரியாமல் யாரும் ஃபெயிலானதில்லை. பின்னம் போடும்போது மட்டும் கால்குலேட்டர் வேண்டாம். 0.8333 என்று பார்த்தால் அது 5/6 என்று கண்ணுக்குத் தெரியாது.

காலேஜில் உட்கார்ந்து ஆறாம் வகுப்புப் புத்தகமா என்று தோன்றலாம். அமெரிக்கக் கம்யூனிட்டி காலேஜ்களில் கூட்டல் கழித்தலில் தொடங்கி எலிமெண்டரி அல்ஜீப்ரா வரை தனித்தனிப் பாடமாகவே நடத்தி வந்தார்கள். அந்தப் படிக்கட்டிலேயே பலர் படிப்பை விட்டுப் போனதால், கலிபோர்னியாவில் 2017இல் சட்டமே போட்டு அதைக் குறைக்கச் சொன்னார்கள். அதனால் நீங்களும் இதை வருடக்கணக்கில் இழுக்காதீர்கள். தினமும் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு செமஸ்டருக்குள் முடிகிற விஷயம்தான்.

பின்னம் பிடிபட்டதும் சதவீதத்துக்கு வாருங்கள், உங்கள் படிப்புக்கு அதுதான் சோறு போடும். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து ஒரு பொருள் 1,180 ரூபாய் என்றால் வரிக்கு முந்தைய விலை என்ன? 1,180இல் 18 சதவீதத்தைக் கழித்து 967.60 என்று சொல்பவர்கள் இறுதியாண்டிலும் இருக்கிறார்கள். வரி போட்டது பழைய விலையின் மேல். அதை எக்ஸ் என்று வைத்தால் 118 எக்ஸ்/100 = 1,180, எக்ஸ் 1,000.

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 எழுதும் எண்ணம் இருந்தால், 200 கேள்வியில் 25 திறனறிவுப் பகுதி, அதில் பெரும்பங்கு இதே கணக்குகள்தான். ஷார்ட்கட் வீடியோக்களை அப்புறம் பார்க்கலாம். பின்னம் வராதவருக்கு ஷார்ட்கட்டும் இன்னொரு மனப்பாடம்தான். சமன்பாடு முடிந்ததும் இருபடிக்குத் தாவாமல் அடுக்குகளைப் படியுங்கள். கூட்டுவட்டி அடுத்து வரும், அதில் ஒன்றுடன் வட்டி வீதத்தைக் கூட்டி, வருட எண்ணிக்கையை அடுக்காகப் போடச் சொல்வார்கள்.