சனவரியில் ரொறன்ரோவிலிருந்து புளோரிடாவுக்குக் காரில்: நான்கு இரவுகள் எடுத்துக்கொள்ளுங்கள்

கேள்வி: என் பெற்றோர் இருவரும் அறுபது வயதைக் கடந்தவர்கள். சனவரி மாதத்தில் ரொறன்ரோவிலிருந்து புளோரிடாவுக்குக் காரிலேயே போக விரும்புகிறார்கள். விமானத்தில் மூன்று மணி நேரத்தில் போகக்கூடிய இடத்துக்கு இப்படிப் போவது பாதுகாப்பானதா? அப்படி என்ன இருக்கிறது இந்தப் பயணத்தில்?

பதில்:

அவர்கள் தாராளமாகப் போகலாம். இரண்டு நாளில் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று மட்டும் நினைக்கக் கூடாது. நானும் என் கணவரும் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வசிக்கிறோம். எனக்கு 63 வயது, அவருக்கு 67. இந்தப் பயணத்தை இரண்டு முறை செய்திருக்கிறோம், முதல் முறை தவறான விதத்திலும் இரண்டாவது முறை சரியான விதத்திலும். உங்கள் பெற்றோரின் வயதில் இருப்பவள் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் முறை, இடையில் ஒரே ஓர் இரவு தங்கினால் போதும் என்று கணக்குப் போட்டு, விடியற்காலை நான்கு மணிக்கு வீட்டிலிருந்து இறங்கினோம். கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன் வரை ஏறத்தாழ 940 கிலோமீற்றர். எல்லையில் காத்திருந்த நேரமும் ஒஹையோவில் பெய்த பனியும் சேர்ந்து, இரவு பத்து மணிக்குப் பிறகும் நாங்கள் தெருவில்தான் இருந்தோம். அப்போது கார் மெல்ல வலப்பக்கம் சரிந்து, நெடுஞ்சாலையின் கரையில் செதுக்கியிருக்கும் பள்ளங்களின் மேல் ஏறி, வண்டி முழுவதும் தடதடவென்று அதிர்ந்தது. என் கணவர் கண்ணயர்ந்திருந்தார். ஒரு நொடிதான். அந்தப் பள்ளங்கள் அங்கே இல்லாதிருந்தால் இந்தப் பதிலை எழுத நான் இருந்திருக்க மாட்டேன் என்றே நம்புகிறேன். அடுத்த வெளியேறும் வழியில் இறங்கி, கண்ணில் பட்ட முதல் மோட்டலில் தங்கினோம். எவ்வளவோ செலவழித்துப் போய்ச் சேர்ந்த புளோரிடாவில் முதல் மூன்று நாட்கள் முதுகுவலியோடு படுத்திருந்தோம்.

இரண்டாவது முறை நான்கு இரவுகள் தங்கி, ஐந்து நாட்களில் போனோம். நாங்கள் போக நினைத்த இடம் புளோரிடாவின் மேற்குக் கரையிலுள்ள கிறிஸ்டல் ரிவர் என்ற சிற்றூர். எங்கள் வீட்டு வாசலிலிருந்து 2,200 கிலோமீற்றருக்குச் சற்று மேல். ஒஹையோவில் டொலிடோ, கென்டக்கியில் லெக்சிங்டன், டென்னசியில் சாட்டனூகா, ஜோர்ஜியாவில் டிஃப்டன் என்று தங்கும் ஊர்களை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டோம். எந்த நாளிலும் 500 கிலோமீற்றரைத் தாண்டவில்லை, இருட்டியபின் ஓட்டவில்லை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை காரை நிறுத்தி இறங்கி நடந்தோம். நீண்ட நேரம் அசையாமல் உட்கார்ந்தால் காலில் இரத்தம் உறைந்து கட்டியாகிவிடும் ஆபத்து நம் வயதில் கூடுதல் என்பதால், இந்த நடையை உங்கள் பெற்றோர் ஒருபோதும் தவறவிடக் கூடாது.

புறப்படும் நாளை நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்யாமல் வானிலையைப் பார்த்து முடிவு செய்யச் சொல்லுங்கள். 401 நெடுஞ்சாலையில் ஒன்ராறியோவின் லண்டன் நகரைத் தாண்டி எல்லை நகரமான வின்சர் வரையுள்ள பகுதி, இருபுறமும் வெறும் வயல்கள் பரந்த சமதரை. வடக்கே ஹியூரன் ஏரி, தெற்கே ஈரி ஏரி. உறையாத ஏரி நீரின் மேல் கடுங்குளிர்க் காற்று வீசும்போது, அந்த ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கரையோர நிலத்தில் பனியாகக் கொட்டிவிடும். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே பத்து நிமிடத்துக்குள் முன்னால் போகும் காரின் விளக்குக்கூடத் தெரியாமல் போய்விடும். எங்களுக்கு அத்தகைய எச்சரிக்கை வந்தபோது மோட்டல் பதிவுகளையெல்லாம் ஒரு நாள் தள்ளிவைத்துவிட்டு வீட்டிலேயே இருந்தோம். பதிவு செய்யும்போது, முதல் நாள் மாலை வரை செலவில்லாமல் மாற்றிக்கொள்ளக்கூடிய அறையாகப் பார்த்துக்கொண்டதால் அது முடிந்தது.

குளிர்கால டயர் பற்றிப் பலர், "இரண்டு நாளில் வெயிலுக்குப் போய்விடுவோமே, எதற்கு?" என்று கேட்கிறார்கள். ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழே வெப்பம் இறங்கினால் சாதாரண டயரின் இரப்பர் இறுகிப் பிடிமானம் குறைகிறது. குளிர்கால டயரின் இரப்பர் அந்தக் குளிரிலும் மென்மையாகவே இருக்கும்படி செய்யப்பட்டது. வெப்பத்தில் அது சற்று விரைவாகத் தேயும் என்பது உண்மைதான், ஆனால் மூன்று வாரத் தேய்மானத்துக்காகக் கழற்றிவிட்டுப் போவது அறிவுடைமையல்ல. கண்ணாடி கழுவும் திரவமும் அப்படியே. தெற்கு மாநிலங்களில் நிரப்பினால் அது உறையக்கூடிய வகையாக இருக்கலாம்; எனவே மைனஸ் 40 பாகை வரை தாங்கும் திரவத்தை இங்கிருந்தே இரண்டு கலன் கொண்டுபோய், ஒன்றைத் திரும்பி வரும் வழிக்கு வைத்துக்கொள்ளட்டும்.

காருக்குச் செய்வதைப் போல உடலுக்கும் செய்ய வேண்டும். ஒன்ராறியோவின் அரச மருத்துவக் காப்பு, வெளிநாட்டில் அவசரமாக மருத்துவமனையில் படுக்க நேர்ந்தால் ஒரு நாளைக்கு அதிகபட்சம் 400 கனேடிய டொலர்தான் தரும். அமெரிக்க மருத்துவமனைக் கட்டணத்துக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. தனியாகப் பயணக் காப்புறுதி எடுத்தே ஆக வேண்டும். அதை எடுக்கும்போது கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: ஏற்கெனவே உள்ள நோய் குறிப்பிட்ட காலம் மாற்றமின்றி நிலையாக இருந்திருக்க வேண்டும் என்று பல ஒப்பந்தங்கள் கேட்கின்றன. மருந்தின் அளவை மருத்துவர் மாற்றினால்கூட அது மாற்றமாகவே கணக்கிடப்படலாம். என் கணவரின் இரத்த அழுத்த மாத்திரை இலையுதிர் காலத்தில் மாற்றப்பட்டிருந்தது. ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்துவிட்டு, அந்தக் கெடு முடியும் வரை பயணத்தைப் பிற்போட்டோம்.

இனி வழியைப் பற்றி. வின்சர் நகரம் டெட்ரோயிட்டுக்குத் தெற்கே இருப்பதால், தெற்கே போகிறவர்கள் அமெரிக்காவுக்குள் நுழைவதற்கு முதலில் வடக்கு நோக்கிப் பாலம் கடக்க வேண்டியிருக்கிறது. 1929-இல் திறக்கப்பட்ட அம்பாசிடர் பாலத்தின் உச்சியிலிருந்து பார்த்தபோது, கீழே ஆற்றில் பனிப்பாளங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மிதந்தன. எல்லையில் அதிகாரி உணவுப் பொருள் ஏதும் உண்டா என்று கேட்டார். இடியப்பமும் சம்பலும் முறுக்கும் எள்ளுருண்டையும் இருப்பதாகச் சொன்ன நான், கறிவேப்பிலைக் கட்டு ஒன்று இருப்பதையும் சொன்னேன். அதை மட்டும் எடுத்துக்கொண்டார். கறிவேப்பிலை எலுமிச்சை, தோடைக் குடும்பத்தைச் சேர்ந்த மரம். அந்தக் குடும்பத்துச் செடிகளின் சாற்றை உறிஞ்சும் ஒரு சிறு பூச்சி அதன் இலைகளிலும் முட்டையிடும். அந்தப் பூச்சிதான் தோடை மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்புகிறது. புளோரிடாவில் அந்த நோய் 2005-இல் கண்டறியப்பட்டது, அதன்பின் இருபது ஆண்டுகளில் அந்த மாநிலத்தின் தோடம்பழ விளைச்சல் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. நம் வீட்டுத் தாளிப்புக்கு இப்படியொரு பொறுப்பு இருக்கிறது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். உங்கள் தாயாரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். மறைத்துக் கொண்டுபோனால் தண்டப்பணம் கட்ட நேரும்.

டெட்ரோயிட்டிலிருந்து புளோரிடா வரை ஏறத்தாழ முழுவதும் ஒரே தெருதான், 75 என்ற இலக்கமுடைய நெடுஞ்சாலை. மிச்சிகனின் வட எல்லையிலிருந்து மயாமியின் அருகு வரை ஆறு மாநிலங்கள் வழியாக ஓடும் அந்தத் தெருவில், சனவரியில் ஒன்ராறியோ இலக்கத்தகடு பொருத்திய கார்களை நிறையவே காணலாம். இப்படித் தெற்கே போகிறவர்களை இங்கே பனிப்பறவைகள் என்கிறார்கள். ஒஹையோவில் சொல்லும்படியாக எதுவும் இல்லை. உப்பு படிந்த சாம்பல்நிறத் தெருவும் பார வண்டிகள் வாரியடிக்கும் சேறும்தான்.

ஒஹையோ ஆற்றைக் கடந்ததும் நிலம் மாறத் தொடங்குகிறது. லெக்சிங்டனைச் சுற்றிக் குதிரைப் பண்ணைகள். பலகை வேலிகள் மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கிப் போகின்றன, குதிரைகளுக்குக் கம்பளிப் போர்வை போர்த்திவிட்டிருந்தார்கள். நான் ஒரு சிறு கொப்பியில் ஒவ்வொரு காலையிலும் புறப்படும்போது வெளியிலிருந்த வெப்பத்தைக் குறித்து வந்தேன். ஸ்காபரோவில் மைனஸ் 17, டொலிடோவில் மைனஸ் 9, லெக்சிங்டனில் மைனஸ் 1, சாட்டனூகாவில் 6, டிஃப்டனில் 14. ஓர் இடத்தில் காதுக்குல்லாயைக் கழற்றினோம், மற்றோர் இடத்தில் கையுறையை. சாட்டனூகாவில் பாரமான மேலங்கி இரண்டும் பின் இருக்கைக்குப் போயின. விமானத்தில் போகிறவருக்குக் குளிர் ஒரு கதவோடு முடிந்துவிடுகிறது. எங்களுக்கு அது ஐந்து நாட்களில், உடம்பிலிருந்து ஒவ்வொரு துணியாக விலகிப் போயிற்று. இந்தப் பயணத்தில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்டதற்கு என்னிடமுள்ள முதற் பதில் இதுதான்.

டென்னசியில் ஓர் இடத்தைப் பற்றி எச்சரிக்க வேண்டும். நொக்ஸ்வில்லுக்கும் சாட்டனூகாவுக்கும் இடையில், கல்ஹூன் என்ற ஊரருகே ஹைவாசி ஆற்றைக் கடக்கும் பள்ளத்தாக்கில் திடீரென்று அடர்மூடுபனி இறங்கும். 1990 டிசம்பர் 11 காலை அங்கே 99 வாகனங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மோதி 12 பேர் இறந்தார்கள். அதன்பின் மூடுபனியை அறியும் கருவிகளும் மின்னும் எச்சரிக்கைப் பலகைகளும் வைத்திருக்கிறார்கள். லெக்சிங்டனில் காலையில் புறப்பட்டால் பிற்பகல் வெளிச்சத்தில் அந்தப் பாலத்தைக் கடக்கலாம். நான்கு இரவுக் கணக்கின் நன்மைகளில் அதுவும் ஒன்று. தெற்கே போய்விட்டால் பனி பற்றிய பயம் இல்லை என்றும் எண்ண வேண்டாம். 2014 சனவரி 28 அன்று மூன்று அங்குலத்துக்கும் குறைவான பனி விழுந்ததற்கே அட்லாண்டா நகரம் முழுவதும் முடங்கி, மக்கள் இரவெல்லாம் கார்களுக்குள் கிடந்தார்கள். அங்கே பனி அள்ளும் வண்டிகள் குறைவு, பனியில் ஓட்டிப் பழகியவர்களும் குறைவு. பனி வரும் என்று கேள்விப்பட்டால் மோட்டலிலேயே இன்னும் ஒரு நாள் இருந்துவிடுவதுதான் நல்லது. எங்களுக்கு அந்த நிலை வரவில்லை. நகரத்தின் நெரிசலுக்கு அஞ்சி முற்பகல் பதினொரு மணியளவில் அட்லாண்டாவைக் கடந்துவிட்டோம்.

அட்லாண்டாவுக்குத் தெற்கே தெருவுக்காக வெட்டிய மேடுகளில் செம்மண் தெரிந்தது. நான் யாழ்ப்பாணத்தின் செம்மண் ஊரான இணுவிலில் பிறந்தவள். காலில் ஒட்டினால் கழுவியும் போகாத அந்தச் சிவப்பை முப்பது ஆண்டுகளாக நான் பார்க்கவில்லை. காரை நிறுத்தச் சொல்லி, ஒரு பெற்றோல் நிலையத்தின் பின்புறம் நடந்து போய்க் கையில் எடுத்துப் பார்த்தேன். அதே நிலையத்தின் வாசலில் ஒருவர் பெரிய பாத்திரத்தில் கோதோடு உப்புத் தண்ணீரில் கச்சான் அவித்துக்கொண்டிருந்தார். அமெரிக்காவில் மிகுதியாகக் கச்சான் விளையும் மாநிலம் ஜோர்ஜியா. அவித்த கச்சான் அவர்களுக்கும் தெருவோரத் தின்பண்டம். சூடாக ஒரு பை வாங்கி, காரின் முன்மூடியில் சாய்ந்து நின்று இருவரும் தின்றோம். என் கணவர், "உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு, ஆனா எங்கட கச்சான்தான்," என்றார். மேலங்கி இல்லாமல், சனவரி வெயிலில், வெட்டவெளியில் நின்று சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது பை முடியும் தறுவாயில்தான் இருவருக்கும் உறைத்தது.

புளோரிடாவுக்குள் நுழைந்ததும் வரவேற்பு நிலையத்தில் சிறு கோப்பையில் தோடம்பழச் சாறு இலவசமாகத் தந்தார்கள். எல்லையில் விட்டுவந்த கறிவேப்பிலையை அப்போது நினைத்துக்கொண்டேன், அது போனதில் வருத்தம் இருக்கவில்லை.

கிறிஸ்டல் ரிவரை நாங்கள் தேர்ந்ததற்குக் காரணம் மனட்டி எனப்படும் கடற்பசுக்கள். நீரின் வெப்பம் 20 பாகைக்குக் கீழே போனால் அவற்றால் நெடுநாள் உயிர்தாங்க முடியாது. கடல் குளிர்ந்ததும், ஆண்டு முழுவதும் 22 பாகையில் நிலத்தடியிலிருந்து பொங்கும் ஊற்றுகளைத் தேடி நூற்றுக்கணக்கில் வந்துவிடுகின்றன. என் கணவர் மன்னார்ப் பக்கத்து பேசாலையில் பிறந்தவர். அங்கேயும் அவற்றுக்கு உறவான ஆவுளியா உண்டு என்றும், வலையில் அகப்பட்டதைத் தன் தாத்தா கண்டிருக்கிறார் என்றும் சொல்வார், ஆனால் உயிரோடு ஒன்றையேனும் அவர் பார்த்ததில்லை. த்ரீ சிஸ்டர்ஸ் ஊற்றைச் சுற்றிப் போட்டிருக்கும் மரநடைபாதையில் காலையிலேயே போய் நின்றோம். கண்ணாடி போன்ற நீரின் அடியில், சாம்பல்நிறப் பாறைகள்போல அவை நெருங்கிப் படுத்திருந்தன. சில நிமிடங்களுக்கு ஒரு முறை ஒன்று மெல்ல எழுந்து, மூக்கை மட்டும் வெளியே நீட்டி மூச்சு வாங்கிவிட்டு மறுபடி இறங்கியது. ஆவுளியாவுக்கு வால் மீன்வால் போலப் பிளந்திருக்கும், இவற்றுக்கு உருண்டையாக இருக்கிறதே என்று அவர் எனக்குக் காட்டினார். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு எண்ணத் தொடங்கியவர், நாற்பதுக்கு மேல் எண்ணிக்கை தவறி, மறுபடி முதலிலிருந்து எண்ணினார். வெயில் ஏறும்வரை நான் ஒன்றும் பேசவில்லை.

"நாளைக்கும் வருவமே?" என்று கேட்டார். அடுத்த நாளும் போனோம்.