போர் முடிந்த பிறகு வந்த தந்தி

கேள்வி: இளம் வயதிலேயே போரில் இறந்த ராணுவ வீரர்களில் உங்களால் மறக்கவே முடியாதவர் யார்? ஏன்?

அருண் கேத்தர்பால். 1971 டிசம்பர் 16-ம் தேதி இறந்தபோது அவருக்கு 21 வயதும் இரண்டு மாதமும். போர்க்கள வீரத்துக்கான நாட்டின் மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்ரா பெற்றவர் என்பதால் பெயர் பலருக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அந்தப் பெயரை முதலில் சொன்னவர் அப்பா.

எங்கள் ஊர் வேலூர் பக்கம். தெருவுக்கு நாலு பேராவது பட்டாளத்தில் இருந்த ஊர். 1971 இந்திய-பாகிஸ்தான் போரின்போது அப்பா கிழக்கே வங்கதேச எல்லையில் இருந்தார். அந்த மாதத்தைப் பற்றி ஆயா கடைசிவரை சொன்னது ஒன்றுதான். தபால்காரர் தெருமுனையில் மணியடித்துக்கொண்டே வந்தால் கடுதாசி. மணியடிக்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்தால் தந்தி. அதனால் மத்தியான நேரத்தில் கையில் எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டு மணிச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம்.

அருண் பிறந்தது புனேயில், 1950 அக்டோபர் 14. அப்பா எம்.எல். கேத்தர்பால் ராணுவ அதிகாரி, தாத்தாவும் பட்டாளத்துக்காரர். சனாவர் லாரன்ஸ் பள்ளி, பிறகு தேசியப் பாதுகாப்பு அகாடமி. 1971 ஜூன் 13-ம் தேதி 17 பூனா ஹார்ஸ் என்ற டாங்கிப் படையில் செகண்ட் லெப்டினன்டாகச் சேர்ந்தார். அதன்பின் அவருக்குக் கிடைத்தது ஆறு மாதமும் மூன்று நாளும்தான்.

அகமத்நகரில் பயிற்சியில் இருந்தபோது படையிலிருந்து அழைப்பு வந்தது. போகும் வழியில் டெல்லியில் வீட்டுக்குப் போனார். அங்கே அவர் பெட்டியில் எடுத்துவைத்த சாமான்களைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. கோல்ஃப் மட்டைகள், கூடவே விருந்துக்குப் போடும் நீலச் சீருடை. இதெல்லாம் எதற்கு என்று அப்பா கேட்டிருக்கிறார். லாகூரில் கோல்ஃப் ஆடப் போகிறேன், ஜெயித்த பிறகு விருந்து இருக்குமே, அதற்குச் சீருடை வேண்டாமா என்றானாம் பையன். சாகப் போகிறோம் என்ற நினைப்போடு யாரும் கோல்ஃப் மட்டை எடுத்துவைக்க மாட்டார்கள். சிங்கம் மாதிரி சண்டை போடு, கோழையாகத் திரும்பி வராதே என்று சொல்லி அனுப்பியவர் அவர் அம்மா. சொன்ன வார்த்தையை அந்தத் தாய் பிறகு எத்தனை முறை நினைத்துப் பார்த்திருப்பார்!

சண்டை நடந்தது மேற்கே, பாகிஸ்தானின் ஷகர்கர் பகுதியில், பசந்தர் ஆற்றங்கரையில். கண்ணிவெடிகளை முழுதாக அகற்றி முடிக்கும் முன்பே பூனா ஹார்ஸ் டாங்கிகள் உள்ளே புகுந்தன. 16-ம் தேதி பாகிஸ்தானின் 13 லான்சர்ஸ் என்ற டாங்கிப் படை பேட்டன் டாங்கிகளோடு எதிர்த்தாக்குதல் நடத்தியது. எதிர்த்து நின்ற மூன்று இந்திய டாங்கிகளில் ஒன்று அடிவாங்கியது, இன்னொன்றின் பீரங்கி மக்கர் செய்தது. மிச்சம் ‘ஃபமகுஸ்தா’ என்று பெயரிட்ட அருணின் டாங்கி மட்டும். அதிலும் குண்டு விழுந்து தீப்பிடித்தது. டாங்கியை விட்டு இறங்கு என்று வயர்லெஸ்ஸில் உத்தரவு வந்தது. என் பீரங்கி இன்னும் வேலை செய்கிறது, இறங்க மாட்டேன் என்று மறுத்துவிட்டார். அடுத்த குண்டில் உயிர் போனது. எதிரி டாங்கிகள் எதுவும் அந்த இடத்தைத் தாண்டவில்லை.

அன்று மாலை டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. போர் முடிந்த செய்தி ரேடியோவில் வந்ததும் டெல்லி வீட்டில் மகன் வருகைக்காக அறையைச் சுத்தம் செய்தார்கள், அவருடைய மோட்டார் சைக்கிளைச் சரிபார்த்து வைத்தார்கள். அப்புறம்தான் தந்தி வந்தது. போர் நடக்கும்போது வரும் தந்திக்காவது மனசு ஒருவாறு தயாராக இருக்கும். எல்லாம் முடிந்தது, பிள்ளை பிழைத்துவிட்டான் என்று மூச்சு விட்ட பிறகு வந்த தந்தி இது.

2001-ல், 81 வயதில், பிரிகேடியர் கேத்தர்பால் தான் பிறந்த சர்கோதாவைப் பார்க்கப் பாகிஸ்தான் போனார். லாகூரில் அவரைத் தன் வீட்டில் தங்கவைத்து ராஜமரியாதை செய்தவர் அந்நாட்டு ராணுவத்தின் ஓய்வுபெற்ற பிரிகேடியர் கவாஜா முகமது நாசர். கிளம்புவதற்கு முந்தைய இரவு அவர் சொன்னார்: உங்கள் மகன் என் கையால்தான் இறந்தான். அவர் 1971-ல் 13 லான்சர்ஸில் மேஜர். பெற்றவர் அந்த வீட்டில்தான் சாப்பிட்டிருக்கிறார், தூங்கியிருக்கிறார். அவர் எழுந்து நாசரைக் கட்டித் தழுவிக்கொண்டார். ஊர் திரும்பிய பிறகு இருவரும் சேர்ந்து எடுத்த புகைப்படம் தபாலில் வந்தது. பின்னால் நாசர் தன் கையால், பாறைபோல் நின்றவர் என்று அருணைப் பற்றி எழுதியிருந்தார். ‘ஷஹீத்’, அதாவது வீரத் தியாகி, என்றும் குறித்திருந்தார். நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசிக்கக்கூட பயமாக இருக்கிறது.

டெல்லியில் தேசியப் போர் நினைவகம் திறந்த மறு வருடம் அப்பாவை அழைத்துப் போனேன். பரம்வீர் சக்ரா பெற்ற 21 பேருக்கும் அங்கே மார்பளவுச் சிலைகள் இருக்கின்றன. அருண் சிலைக்கு முன்னால் அப்பா கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டு விறைப்பாக நின்று சல்யூட் வைத்தார். அப்பா ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். பேரன் வயதுப் பையன்தான் என்றாலும் அவருக்கு அது ‘சாப்’, மேலதிகாரி.

வெளியே வந்து புல்தரையில் உட்கார்ந்தோம். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “நம்ம வீட்டுக்கு மணியடிச்சுக்கிட்டு வந்தாரு.”